பூஜையில் வைத்த ரிவால்வர்

1

இந்தக் கதையை எழுத வேண்டும் என்று நானாக நினைக்கவில்லை. சுந்தரராமன் கேட்டார். நம் சங்கத்தின் கையெழுத்துப் பத்திரிகைக்கு அவர்தான் ஆசிரியர் என்பது உங்களுக்குத் தெரியும். போன வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்த என்னை மாட்டுங்கா மார்க்கெட் வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டு சொன்னார்:

"தீபாவளி மலருக்கு ஒரு ஹாஸ்யக் கதை வேணும், டீச்சர். நம்ம பில்டிங் ரிவால்வர் விஷயத்தையே எடுத்துக்கோங்கோ. சரஸ்வதி பூஜையில துப்பாக்கி. அதைத் திருடின தாராவிக்காரன். போலீஸ் பிடிக்கறச்சே மூஞ்சியெல்லாம் சந்தனம். படிக்கறவா வயத்தைப் பிடிச்சுண்டு சிரிக்கணும்."

அவரே முதலில் சிரித்துக் காட்டினார். கையில் முருங்கைக்காய்க் கட்டு வைத்திருந்தார், அதுவும் சேர்ந்து குலுங்கியது.

அவர் சிரித்த நேரத்தில் அந்தத் தாராவிக்காரன், பெயர் நம்பிராஜன், தோளில் கத்திக் காயத்தோடு லாக்கப்பில் இருந்தான். இப்போதும் இருக்கிறான். எனக்கு வந்த கோபத்தில் அந்த முருங்கைக்காயைப் பிடுங்கி அவர் தலையிலேயே போட்டிருப்பேன். அதற்குப் பதிலாக, "சரி, எழுதறேன்" என்றேன். இந்தக் கதை பிறந்தது அப்படித்தான். ஹாஸ்யம் எங்கே என்று கடைசிவரை தேடாதீர்கள்.

2

எப்படி ஆரம்பிப்பது என்று மூன்று நாள் திண்டாடினேன்.

ஓர் ஆரம்பம்: "மாட்டுங்காவில் ஒரு மூன்று மாடிக் கட்டடம். அதில் குடியிருந்த எல்லோரும் ஆபீஸ் உத்தியோகஸ்தர்கள், பக்தி உள்ளவர்கள், யாருக்கும் ஒரு தீங்கும்—"

இதற்கு மேல் பேனா நகரவில்லை. அடித்துவிட்டேன்.

இன்னோர் ஆரம்பம்: "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறாம் வருஷம் பம்பாயில் கலகம் நடந்தபோது, தற்காப்பு என்பது என்ன, அது யாருக்கு உரியது என்ற கேள்வி—"

இது கட்டுரைப் போட்டி. ஆனாலும் கேள்வி சரியான கேள்விதான் என்பதால் கொஞ்சம் கட்டுரையே எழுதிவிட்டுப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊரில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸில் துப்பாக்கியின் நம்பர் இருக்கும், வைத்திருப்பவர் பெயர் இருக்கும். அந்தப் பெயர் உள்ளவரைத் தவிர வேறு யார் கையில் அது இருந்தாலும் குற்றம். இந்தச் சட்டமே இருக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்த இரண்டு மாதமாகத் தெருவில் கத்தியை வைத்துக்கொண்டே மனிதர்கள் செய்ததைப் பார்த்தோம். ஆளுக்கு ஒரு துப்பாக்கியும் இருந்திருந்தால் இதைப் படிக்க நீங்களும் இருக்கமாட்டீர்கள், எழுத நானும் இருக்கமாட்டேன். என் கோபம் சட்டம் இருப்பதில் இல்லை, அது ஆளைப் பார்த்து நடந்துகொள்வதில் இருக்கிறது.

கலகம் தொடங்கிய வாரமே அனந்தகிருஷ்ணன் லைசென்ஸ் கேட்டு மனுப் போட்டார். முதல் மாடியில் இருக்கிறாரே, நம் சங்கத் தலைவர், அவர்தான். அவர் கம்பெனியின் வெள்ளைக்கார துரை ஒரு கடிதம் கொடுத்தார். சீக்கிரமே லைசென்ஸ் வந்தது, ரிவால்வரும் வந்தது. கட்டடம் முழுவதும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். புதுக் குழந்தையைப் பார்க்கப் போவதுபோல வெறுங்கையோடு போகக்கூடாதென்று ஒரு மாமி வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

அதே வாரம் நம்பிராஜனும் மனுப் போட்டான். தாராவியில், மாஹிம் பக்கம் பார்த்த ஓரத்துச் சந்தில் அவன் வீடு. தோல் பதனிடும் கொட்டகையில் வேலை. அந்தச் சந்தில் இரண்டு முறை தீ வைத்துவிட்டுப் போனார்கள். சந்துக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு துப்பாக்கி வாங்கிக்கொள்கிறோம் என்று எழுதி, நம்பிராஜன் பெயரில் கேட்டார்கள்.

"உங்கிட்டக் காப்பாத்தறதுக்கு என்ன சொத்து இருக்கு?" என்று கேட்டாராம் அங்கிருந்த அதிகாரி.

"பொஞ்சாதி இருக்கா. ரெண்டு பிள்ளைக இருக்கு" என்றானாம் இவன்.

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்களாம். மனு தள்ளுபடி. ஆனால் மனுவைக் கிழித்துப் போடவில்லை, ஃபைலில் வைத்துக்கொண்டார்கள். தாராவியில் துப்பாக்கி கேட்டவன் என்று அவன் பெயர் அங்கே பதிந்து போனது. லைசென்ஸ் கிடைக்கவில்லை, பேர் மட்டும் கிடைத்தது.

கலகத்தில் கொட்டகையை மூடினார்கள். வேலை இல்லாமல் இருந்த நம்பிராஜனை நம் கட்டடத்துக் கேட்டுக்குக் காவலாக வைத்துக்கொண்டோம். கையில் ஒரு தடி கொடுத்தோம்.

(சுந்தரராமன் கேட்பார்: "இதெல்லாம் கதைக்கு எதுக்கு, டீச்சர்?" கதைக்கு வேண்டாம்தான். உங்களுக்கு வேண்டும்.)

3

சரஸ்வதி பூஜை அன்று நான் இங்கே இல்லை. செம்பூரில் அக்கா வீட்டில் இருந்தேன். ஆகையால் இந்தப் பகுதியை நான் பார்த்ததாக நினைத்துக்கொள்ளாதீர்கள். பார்த்தவர்கள் நீங்கள். தப்பு இருந்தால் திருத்துங்கள்.

பிற்பகல். அனந்தகிருஷ்ணன் வீட்டுக் கூடத்தில் மணை போட்டு, பட்டுத் துணி விரித்து, பூஜையில் எல்லாம் வைத்தாகிவிட்டது. குழந்தைகளின் பாடப் புத்தகங்கள், அனந்தகிருஷ்ணனின் ஃபௌண்டன் பேனா, எதிர்வீட்டு ஜம்பு தூக்கிக்கொண்டு வந்த டைப்ரைட்டர். எல்லாவற்றுக்கும் நடுவில் ரிவால்வர். ஆயுத பூஜை அல்லவா, வீட்டில் முதல்முதலாக ஓர் ஆயுதம் இருக்கிறது, சும்மா விடுவார்களா? குழலில் சந்தனம், பிடியில் குங்குமம், மேலே ஒரு முழம் கதம்பம்.

பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி காலையில் புனர்பூஜை செய்து எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. புத்தகத்தைத் தொடக்கூடாது என்பதால் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். ஊர் பற்றி எரிகிற வாரத்தில், உயிரைக் காப்பாற்ற என்று சர்க்காரிடம் சொல்லி வாங்கின துப்பாக்கிக்கும் ஒரு நாள் லீவு கொடுத்தார்கள்.

சுண்டல் கொடுக்கப் போகும் நேரத்தில் கீழே சத்தம். நாலு பேர், கையில் கத்தி. தெருவில் ஓடி வந்தவர்கள் கேட்டைத் தள்ளினார்கள்.

[அவர்கள் எந்த மதம் என்று இங்கே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். அந்த வாரம் எல்லார் கையிலும் கத்தி இருந்தது. அந்த வரியை எழுதினால் நீங்கள் அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள்.]

நம்பிராஜன் தடியைக் குறுக்கே கொடுத்துக் கேட்டைத் தாங்கிக்கொண்டு மேலே பார்த்துக் கத்தினான்.

"சாமீ! கேட்டு நிக்காது! அந்தத் துவக்க எடுத்துட்டு வாங்க! சுட வேண்டாம், காட்டினாப் போதும்!"

கூடத்தில் ஆண்கள் ஒன்பது பேர். எல்லோரும் அனந்தகிருஷ்ணனைப் பார்த்தார்கள். அவர் ரிவால்வரைப் பார்த்தார்.

"பூஜையில வெச்சாச்சே" என்றார். "புனர்பூஜை ஆகாம எப்படித் தொடறது?"

ஜம்புவுக்குச் சட்டம் தெரியும். சாலிசிட்டர் ஆபீஸில் வேலை. "லைசென்ஸ் அவர் பேர்ல ஆக்கும். வேற ஆரு தொட்டாலும் கேஸாயிடும். நான் தொட மாட்டேன்" என்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஒருவருக்கு சாஸ்திரம், ஒருவருக்குச் சட்டம். மற்ற ஏழு பேரும் இரண்டில் எது சௌகரியமோ அதைப் பிடித்துக்கொண்டார்கள். யாரோ, "வாசக் கதவைத் தாழ்ப்பாள் போடுங்கோ" என்றார். கீழே நின்றவனை வெளியே விட்டுத் தாழ்ப்பாள். கீழே நின்றது அவர்களில் ஒருவரின் மைத்துனனாக இருந்திருந்தால் சரஸ்வதி அன்றைக்கே புனர்பூஜைக்குச் சம்மதித்திருப்பாள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அப்போது அனந்தகிருஷ்ணனின் மனைவி அம்மிணி சமையலறையிலிருந்து சுண்டல் பாத்திரத்தோடு வந்தாள். பாத்திரத்தைக் கீழே வைத்தாள். நேரே பூஜைக்குப் போய் ரிவால்வரை எடுத்தாள். கதம்பம் அவள் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. பால்கனிக்குப் போய்க் கீழே நீட்டினாள்.

உள்ளே குண்டு இல்லை. குண்டுகளை அனந்தகிருஷ்ணன் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். அம்மிணிக்கு அது தெரியாது. அவள் பின்னால் என்னிடம் சொன்னது:

"குண்டு இருக்கோ இல்லையோ, எனக்கு ஒண்ணும் தெரியாது, ருக்கு. வாணலியைப் பிடிக்கறாப்பல ரெண்டு கையாலயும் பிடிச்சுண்டேன். சுட்டுடப் போறதேன்னு பயம். சுடாம இருந்துடப் போறதேன்னும் பயம்."

நாலு பேரும் மேலே பார்த்தார்கள். ஓடினார்கள். அதற்குள் ஒருவன் கேட்டு இடுக்கு வழியாக நம்பிராஜனின் தோளில் கத்தியை இறக்கியிருந்தான்.

அம்மிணி பட்டுத் துணியை உருவிக்கொண்டு கீழே ஓடினாள். ரிவால்வர் கையிலேயே இருந்தது. படிக்கட்டின் கடைசிப் படியில் அதை வைத்துவிட்டு, அவன் தோளைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். ஆபத்து போன பிறகு ஆண்கள் இறங்கி வந்தார்கள். அனந்தகிருஷ்ணன் அவள் கையைப் பிடித்து, "உள்ள போ முதல்ல" என்று மேலே இழுத்துக்கொண்டு போனார். ரிவால்வரை அவரும் எடுக்கவில்லை. அவருக்கு இன்னும் புனர்பூஜை ஆகவில்லை.

நம்பிராஜன் அதைப் பார்த்தான். சாமிக்கு வைத்த பொருள், சந்தனமும் பூவுமாக, எல்லோரும் மிதித்து ஏறுகிற படியில் கிடந்தது. அவன் குனிந்து எடுத்தான். புத்தகத்தில் கால் பட்டுவிட்டால் நாம் எல்லோரும் செய்வோமே, அதைத்தான் செய்தான். இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டான்.

போலீஸ் லாரி அப்போதுதான் தெரு திரும்பியது. போலீஸார் கண்டது இவ்வளவுதான்: ரத்தக் கறையோடு ஓர் ஆள், கையில் ரிவால்வர், மூஞ்சியெல்லாம் சந்தனம்.

4

இங்கே எனக்கு நம்பிராஜன்மேல் சந்தேகம் வந்தது. ஆள்மேல் இல்லை, நான் எழுதின ஆள்மேல்.

முதல் பிரதியில் இப்படி எழுதியிருந்தேன்: "இன்ஸ்பெக்டர் கேட்டபோது நம்பிராஜன் வாய் திறக்கவில்லை. ஒரு பெண்ணின் மானத்தைக் காக்க அவன் அமைதியாகத் தலை குனிந்து, கண்களில் ஒரு—"

அழகாக இருந்தது. எனக்கே கண் கலங்கியது. அந்தப் பிரதியை எடுத்துக்கொண்டு லேபர் கேம்ப் வழியாகத் தாராவிக்கு நடந்து போய், அவன் மனைவி பேராச்சிக்குப் படித்துக் காட்டினேன். அவள் அப்போது ரேஷன் கோதுமையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த இடம் வந்ததும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"யாரு வாயத் தொறக்கல? எம் புருசனா?"

"கதைக்காக—"

"டீச்சரம்மா, அவரு மூணு மட்டம் சொன்னாரு. 'அந்த அம்மாதான் எடுத்துட்டு வந்தாவ, படியில வச்சாவ, நான் எடுத்துக் குடுக்கப் போனேன்'னு சொன்னாரு. பெரிய வீட்டுப் பொம்பளையப் பத்தி நாக்குமேல பல்லப் போட்டா பேசுதன்னு அடிச்சானுவ. அடி வாங்கிட்டும் அதத்தான் சொன்னாரு. நீங்க அவர ஊமையாக்கிட்டிய."

அவள் என் கையிலிருந்த காகிதத்தைக் காட்டினாள்.

"எழுதினதுல அவரு சொன்னதும் இல்ல, அவர அடிச்சதும் இல்ல. அப்பெறம் என்ன கத எழுதுதிய? அந்த ஒம்பது ஆம்பளையளும் எழுதிக் குடுத்ததும் இப்பிடித்தான இருக்கு?"

திரும்பி வரும்போது சயான் வரைக்கும் அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கிழித்துப் போட்டுக்கொண்டே வந்தேன். தியாகி ஒருவன் வேண்டும் என்கிற ஆசை என்னைப் போன்றவர்களுக்குத்தான். அவளுக்குப் புருஷன் வீட்டுக்கு வர வேண்டும்.

5

அவள் சொன்ன "எழுதிக் கொடுத்தது" என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் விளக்குகிறேன்.

அன்று இன்ஸ்பெக்டர் கேட்ட கேள்வி எளிமையானது: லைசென்ஸ் உள்ளவர் வீட்டிலிருந்து துப்பாக்கி எப்படி வெளியே வந்தது? அம்மிணி எடுத்தாள் என்றால், லைசென்ஸ் இல்லாதவள் எடுத்தாள், லைசென்ஸ்தாரர் பார்த்துக்கொண்டு நின்றார் என்று ஆகும். லைசென்ஸ் போகும். சிபாரிசு செய்த துரைக்குக் கோபம் வரும். வேலை போனாலும் போகும். ஜம்பு இதையெல்லாம் அனந்தகிருஷ்ணன் காதில் ஒரே மூச்சில் சொன்னாராம். பிறகு அவரே வழியும் சொன்னார், எல்லோரும் இப்படி எழுதிக் கொடுத்துவிடலாம் என்று:

நம்பிராஜன் தண்ணீர் குடிக்க மேலே வந்தான். எல்லோரும் கற்பூரத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டிருந்த சமயம் பார்த்து எடுத்துக்கொண்டு போனான்.

பஞ்சநாமா, அதாவது போலீஸ் எழுதி வாங்குகிற சாட்சிப் பத்திரம், எழுதினார்கள். கௌரவமான இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் ஜம்பு. இன்னொருவர் நம் ஆசிரியர் சுந்தரராமன். தள்ளுபடியான பழைய மனுவும் ஃபைலிலிருந்து வந்து சேர்ந்துகொண்டது. துப்பாக்கி வேண்டும் என்று கேட்டவன், கிடைக்கவில்லை, திருடினான். இன்ஸ்பெக்டருக்குக் கணக்கு நேராகிவிட்டது.

நாலு கத்திக்காரர்களை விரட்டியது யார் என்று யாரும் கேட்கவில்லை. அந்தத் தோள்காயம் எப்படி வந்தது என்றும் கேட்கவில்லை.

அம்மிணி இதை என்னிடம் அவள் சமையலறையில் வைத்துச் சொன்னாள். அப்பளம் பொரித்துக்கொண்டே சொன்னாள். அழவில்லை.

"நான் போலீஸ்ல போய்ச் சொல்றேன்னு சொன்னேன், ருக்கு. அவர் என்ன சொன்னார் தெரியுமோ? 'நீ சொன்னா ஆரு நம்புவா? ஒன்பது ஆம்பளைகள் நின்னுண்டிருக்கறச்சே ஒரு பொம்மனாட்டி துப்பாக்கியை எடுத்தாள்னா, கேக்கறவா சிரிப்பா'ன்னார்."

"நீ என்ன சொன்னே?"

"சிரிக்கட்டுமேன்னேன். அன்னிலேர்ந்து எங்கிட்டப் பேசறதில்லை."

நான் அங்கிருந்து நேரே ஒரு வக்கீலிடம் போனேன். நான் வந்து சாட்சி சொல்கிறேன் என்றேன். "நீங்கள் பார்த்தீர்களா?" என்றார். இல்லை, கேட்டேன் என்றேன். கேட்டதைச் சொன்னால் அது சாட்சி ஆகாதாம். பார்த்தவர் வந்து சொல்ல வேண்டுமாம். இல்லையென்றால் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்ததற்கு மட்டும் மூன்று வருஷம் வரை போடலாம் என்றார். திருட்டு தனி.

கோர்ட்டில் ஏறாத பேச்சு எங்கேதான் ஏறும்? அதனால்தான் இது கதையாக இருக்கிறது. வேறு வழி இருந்திருந்தால் நான் கதை எழுதியிருக்க மாட்டேன்.

6

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

சுந்தரராமன் கேட்ட முடிவு: மாஜிஸ்திரேட் திருடனைப் பார்த்து, "சந்தனம் மணக்கிறதே, கோயிலிலிருந்து வருகிறாயா?" என்கிறார். கோர்ட்டே சிரிக்கிறது. சுபம். இதை எழுதி முடித்தவுடன் கை கழுவிக்கொண்டு வந்தேன்.

பேசும் படத்துக்கு ஏற்ற முடிவு: தீர்ப்புச் சொல்லும் நேரம். கதவு திறக்கிறது. தலைவிரி கோலமாக அம்மிணி. "நிறுத்துங்கள்!" என்று— வேண்டாம். கோர்ட்டில் அப்படிக் கத்தினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். காலையிலேயே போய், பெயர் கொடுத்து, பெஞ்சில் உட்கார்ந்து, கூப்பிடும்போது எழுந்து சொல்ல வேண்டும்.

மூன்றாவது: அனந்தகிருஷ்ணன் எழுந்து நின்று, "நான் பயந்துவிட்டேன். பூஜை ஒரு சாக்கு. என் மனைவிதான் எடுத்தாள்" என்கிறார். இந்த வாக்கியத்தை அவர் வாயில் வைக்க நாலு தடவை முயன்றேன். ஒவ்வொரு தடவையும் அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஜம்புவைப் பார்க்கிறார். நான் உண்டாக்கின காகிதத்திலேயே அவர் எழுந்து நிற்க மறுக்கிறார் என்றால் வெளியே எப்படி நிற்பார்?

நாலாவது: மூன்று வருஷம். பேராச்சி குழந்தைகளைத் திருநெல்வேலிக்கு அனுப்பிவிட்டு வீட்டு வேலைக்குப் போகிறாள். நம் கட்டடத்துக்கே வருகிறாள், உங்கள் பாத்திரங்களைத் தேய்க்கிறாள். நீங்கள் அவளுக்குப் பழைய புடவை கொடுத்து, நல்லவர்களாக இருக்கிறீர்கள்.

இந்த நாலாவது முடிவு தடங்கல் இல்லாமல் வந்தது. ஓர் அடித்தல்கூட இல்லை. அதைப் பார்த்துத்தான் பேனாவைக் கீழே வைத்தேன். நடக்கப்போவது இதுதான் என்று நம் எல்லோருக்கும் தெரிந்திருப்பதால்தானே இவ்வளவு சுலபமாக எழுத வருகிறது?

ஆகையால் நான் முடிக்கப்போவதில்லை.

7

சுந்தரராமன் இதைப் போடமாட்டார் என்று நினைப்பீர்கள். அவர் ஆசிரியர்தான். ஆனால் ஐந்து வருஷமாக இந்தப் பத்திரிகையைக் கையால் எழுதித் தைத்துக் கொடுப்பவள் நான். என் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று அவரே சொல்லி, எழுதி முடித்ததைத் திருப்பிப் பார்க்காமல் முதல் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். முதல் வீடு சங்கத் தலைவர் வீடு. பிறகுதான் மற்றவர்களுக்கு.

அனந்தகிருஷ்ணன் ஆபீஸ் போன பிறகுதான் பத்திரிகை அங்கே வந்து சேரும். ஆகவே, இதுவரை "நீங்கள், நீங்கள்" என்று ஊரையே பார்த்து எழுதினேனே தவிர, முதலில் படிக்கப்போகிறவள் ஒருத்திதான்.

அம்மிணி, என்மேல் கோபப்படு. நீ சொன்னதைக் கடை பரப்பிவிட்டேன். ஒன்பது பேர் கண்ணால் பார்த்ததற்கு ரகசியம் என்று பேர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. உன் வீட்டில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. லேசாக இருக்காது. அவருக்கு வேலை போகலாம், உன்மேலேயே கேஸ் திரும்பலாம். வக்கீலைக் கேட்டேன், திரும்பலாம் என்றுதான் சொன்னார். உயிரைக் காப்பாற்றத்தான் எடுத்தாள் என்று வாதாடுவேன், ஜெயிப்பேன் என்று சத்தியம் செய்யமாட்டேன் என்றார். இதை மறைத்து உன்னைக் கூப்பிட்டால் நானும் அந்த ஒன்பது பேரில் சேர்ந்துவிடுவேன்.

அன்று நீ துப்பாக்கியை எடுத்தபோது யாரும் உன்னை எடுக்கச் சொல்லவில்லை. இன்றைக்கும் நான் சொல்லவில்லை.

கேஸ் திங்கட்கிழமை. கோர்ட் திறக்கும் முன்னாலேயே பேராச்சி இரண்டு குழந்தைகளோடு வராந்தாவில் வந்து உட்கார்ந்திருப்பாள். நான் காலை எட்டு மணிக்கு உன் வீட்டு வாசலில் நிற்பேன். ஒரே ஒரு தடவைதான் தட்டுவேன். உள்ளேயிருந்து அவர், "ஆரது?" என்று கேட்பார். "நான்தான், ருக்கு" என்பேன்.

அதற்கு மேல் ஒரு வரிகூட நான் எழுதமாட்டேன். தாழ்ப்பாள் உன் பக்கத்தில் இருக்கிறது.